பலகை விலை கேட்டவர்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் மகள் எழுதுகிறேன். நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. விலாசம் அத்தை கொடுத்ததுதான். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், போனில் நச்சரித்து வாங்கியது நான். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். உங்கள் தொண்டை ஆபரேஷனைப் பற்றி அத்தை சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சு மட்டும் திரும்பவில்லை என்றார். கேட்டதும் வருத்தமாக இருந்தது. பேச்சு இருந்த காலத்தில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்ற கோபமும் கூடவே வந்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றை எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. இப்போது வருடங்களையே மறந்துவிட்டாள். அவள் கணக்கில் அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என்னை எக்ஸ்சேஞ்சின் மேற்பார்வையாளர் அம்மா என்று நினைக்கிறாள். தலை வலித்தால் என்னிடம் லீவு கேட்கிறாள். நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து ஆட்களைக் கூப்பிடும் வேலை செய்பவள். வீட்டுக்கு வந்ததும் பதவி உயர்ந்துவிடுகிறது. என் மகள் அவளுக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். எந்த ஒயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று போர்வை நூலை வைத்துக்கொண்டு பாடம் நடக்கிறது. நாங்களும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அழுது என்ன ஆகப்போகிறது?

பிரச்சினை அப்பாதான். ஒருநாள் காலையில், கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்வதுபோல, டீயை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போயிருக்கிறார். அம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, யாரோ ஆம்பளை உள்ளே வந்துவிட்டான் என்று கத்தினாள். அப்பா டீயைத் தரையில் வைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல் அப்படியே பின்னால் நடந்து வெளியே வந்தார். மறுபடி போய்ப் பார்த்தார், மறுபடி கத்தல். இப்போது அவர் படுப்பது ஹாலில். அந்த அறைக்குள் அவர் கால் வைத்து மாதக்கணக்காகிறது.

ஆனால் குரல் தெரிகிறது, மாமா. காலமெல்லாம் காதில் ஹெட்போனோடு வேலை பார்த்தவள் அல்லவா? முகங்கள் எல்லாம் போய்விட்டன, குரல் மட்டும் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கே அப்பா மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று டீ குடித்தாயா என்று கேட்டார். உள்ளேயிருந்து மெதுவாக, "மரக்கிடங்குக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் அப்பா. "அண்ணன் இல்லாதப்ப இங்க வராதீங்க. எங்கண்ணன்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள்.

இந்தக் கதையில் உங்கள் பக்கம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பக்கத்தையும் கேளுங்கள். அவர் அப்போது மரக்கிடங்கில் குமாஸ்தா. வெளியூர்க் கிளையில் பலகை விலை கேட்டு முதலாளிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்து கொடுத்த குரல் அம்மாவுடையது. பிறகு அப்பாவுக்குப் பலகை விலை மேல் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டது. காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார், கடையை மூடும் முன் ஒருமுறை கேட்பார். வெளியூர்க் கிளைக்காரர் இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று முதலாளிக்கே எழுதிவிட்டாராம். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "லைன் பிஸி, காத்திருங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தொங்க விடுவாளாம். அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். முகம் பார்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர் அம்மா ஒட்டுக்கேட்டு உங்களிடம் வந்து சொன்னதும், மூஞ்சி தெரியாதவன் பேச்சைக் கேட்டு மயங்குவதற்கா உன்னை வேலைக்கு அனுப்பினேன் என்று நீங்கள் கேட்டதும், கூடாது என்றதும் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டவை. அதற்கப்புறம் அவர்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நீங்கள் ஊரை விட்டே போய்விட்டீர்கள்.

அன்றைக்கு அவள் உங்களை மீறி வந்தாள். இன்றைக்கு அவள் மனது போய் நிற்கும் இடம், நீங்கள் கூடாது என்று சொன்னதற்கும் அவள் மீறியதற்கும் நடுவில். அந்தத் துணிச்சல் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. அப்பா என்னிடம் சொன்னார்: "அப்ப தைரியக்காரியா இருந்தா. இப்ப பாரு, அண்ணன் பேச்சைத் தட்டாத பொண்ணா ஆயிட்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு எழுந்து போய் குழாயைச் சும்மா திறந்து விட்டுக்கொண்டு நின்றார்.

என் மகளுக்கு இது எதுவும் புரியவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போன உங்கள் அப்பாவுக்குப் பெண்ணைக் காட்டாமல் பெண்ணின் அண்ணனைக் காட்டி, இவனுடைய மீசையை எடுத்துவிட்டு நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பெண் என்றார்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் அத்தையின் போட்டோவை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் யோசித்தீர்களாம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பூங்காவில் ஒரு பெஞ்சு கொடுத்தார்கள். அடுத்த பெஞ்சில் இரண்டு அம்மாக்கள். கையில் ஐஸ்கிரீம் இருக்கும் வரை பேசிக்கொள்ளலாம் என்று உத்தரவு. மனிதர் அவசரமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன். நீயும் அப்பாவும் மட்டும் காதலித்துக் கட்டிக்கொண்டு எனக்கு ஏன் இப்படி முறையாகத் தேடினீர்கள் என்று பின்னால் ஒருநாள் அம்மாவைக் கேட்டேன். உன் கல்யாணத்துக்காவது உன் மாமா வருவாரோ என்று பார்த்தோம் என்றாள். நீங்கள் வரவில்லை.

என் மகள் காலம் வேறு. போனில் ஆளைத் தேடுகிறார்கள். நேரில் பார்க்கும் முன்பே அவனுக்குப் பூனை பிடிக்குமா, எத்தனை மணிக்குத் தூங்குவான் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. காபிக் கடையில் போய் உட்கார்கிறார்கள். எந்தக் கடை, எந்தத் தெரு என்று எனக்குப் போனில் வரைபடம் வந்துவிடும். திரும்பி வந்து செட் ஆகலைம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள். அவ்வளவுதான். யாரும் யார் வீட்டு வாசலுக்கும் போய் நின்று கேட்பதில்லை. அவளே என் அம்மாவிடம் போய், இதற்கெல்லாம் அண்ணனைக் கேட்க வேண்டாம், உங்களுக்குப் பிடித்திருந்தால் போதும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அம்மா அவளைப் பாவமாகப் பார்த்து, "உனக்கு அண்ணன் கிடையாதாம்மா?" என்று கேட்டாளாம்.

நான் சும்மா இருக்கவில்லை. நீங்கள் எழுதியதுபோல நானே ஒரு கடிதம் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அன்புள்ள தங்கைக்கு என்று தொடங்கியிருந்தேன். முதல் வரியிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் என்னை இப்படி எழுதவே மாட்டார் என்றாள். பின்னே எப்படி எழுதுவார் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாளே தவிர சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அப்பா வாஷிங் மெஷினுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முட்டிவலிக்காரர். ஒரு ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும் என்பார் கதவைப் பார்த்து. லைன் பிஸி, காத்திருங்க என்று உள்ளேயிருந்து பதில் வரும். சில நாள் அதோடு சரி. சில நாள் கொஞ்சம் கூடப் பேசுவாள். கதவு மட்டும் திறக்காது. டாக்டரிடம் கேட்டேன். போகப் போகக் குரலும் அடையாளம் தெரியாமல் போகலாம் என்றார். அது போய்விட்டால் அப்பாவுக்கு இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

மாமா, உங்கள் வயதுக்கும் உடம்புக்கும் இதைக் கேட்பது தப்பாக இருக்கலாம். நடந்ததை மன்னிக்கச் சொல்லவில்லை, அப்பாவோடு ராசியாகச் சொல்லவும் இல்லை. அவளை நீங்கள் கூப்பிடும் பெயரைப் போட்டு, சரி என்று ஒரு வார்த்தை, உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வேறு யார் சொன்னாலும் அவள் கேட்கமாட்டேன் என்கிறாள்.

அத்தைக்கு என் வணக்கம். தொண்டையில் குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பதைத் தவிர வேறு வழி தெரியாத,
உங்கள் மருமகள்

---

குட்டிப்பிசாசுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் வெளியூர் வந்த இடத்தில் வேலை இழுத்துக்கொண்டே போகிறது, நினைத்தபடி திரும்ப முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருகிறாயா?

அந்த மரக்கிடங்குப் பையனைப் பற்றி விசாரித்தேன். நல்லவன், பொறுமைசாலி, உன்னைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள்வான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். விசாரித்து முடிக்க எனக்குக் கொஞ்சம் நாளாகிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

எனக்குச் சம்மதம். அவர் வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. கதவு திறந்தே இருக்கட்டும். பெரியவர்கள் யாராவது கூட இருக்கட்டும். ஊர் வாயை நம்ப முடியாது.

நீ கேட்ட எதற்கும் நான் உடனே சரி என்று சொன்னதில்லை. இதற்குச் சொல்லியிருக்கலாம்.

நல்லா இரு.

உன் அண்ணன்

---

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. பரவாயில்லை, நான் கேட்டதும் எனக்காக இல்லையே. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

உறையைக் கையில் கொடுத்தபோது அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிரித்துக் கொடுத்தேன். முதல் வார்த்தையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஓ, குட்டிப்பிசாசா நீ என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முழுவதும் படித்தாள். மறுபடி படித்தாள். சம்மதம் என்ற இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கண்ணன் சொல்லிட்டார் என்று என்னிடம் காட்டினாள். பிறகு மேற்பார்வையாளர் அம்மாவாகிய என்னிடம் அன்றைக்கு லீவு கேட்டாள். கொடுத்தேன். பீரோவைத் திறந்து இருக்கிற துணியையெல்லாம் கட்டிலில் பரப்பிப் போட்டாள். தலையை வாரிவிடச் சொன்னாள். முடி ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். கேட்டதை அவளே மறந்துவிட்டது என் நல்ல காலம்.

அப்பா சலூனுக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு வந்தார். சட்டையை அவரே இஸ்திரி போட்டார், என்னைத் தொட விடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் கதவைத் தட்டினார். "நான்தான். பலகை விலை கேக்க வந்திருக்கேன்" என்றார். உள்ளே அம்மா சிரித்தது எனக்கும் கேட்டது. "வாங்க, கதவு திறந்துதான் இருக்கு" என்றாள்.

அப்பா உள்ளே போனார். அம்மா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. மரியாதையாகக் கை கூப்பினாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை என்றதும், "அவர் எங்கே?" என்று கேட்டாள்.

மாமா, இப்படி ஆகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நாங்கள் எல்லோரும் அண்ணனின் சம்மதம் ஒன்றுதான் குறை என்று நினைத்துவிட்டோம். அவள் காத்திருந்தது இருபத்தைந்து வயதுப் பையனுக்காக. வந்து நின்றது ஒரு கிழவர்.

"வந்துடுவான்மா" என்றார் அப்பா. அம்மா அவரை நன்றாகப் பார்த்தாள். குரல்கூட அப்படியே இருக்கிறது, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். "சொந்தம்தான். அவன்கூடத்தான் ரொம்ப நாளா இருக்கேன்" என்றார் அப்பா. அவளுக்கு ரொம்பத் திருப்தி. பெரியவர்கள் கூட இருக்க வேண்டும் என்று அண்ணன் எழுதியிருக்கிறார், நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். அப்பா அதில் போய் உட்கார்ந்தார்.

அதிலிருந்து தினமும் போகிறார். டீ கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறாள். பெரியவரே, உங்களுக்கெதற்குச் சிரமம் என்கிறாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நாலு அடி இருக்கும். அதற்கு மேல் அவர் நெருங்குவதில்லை. அவளிடம் பேச வருகிற ஆணுக்கும் அவளுக்கும் காவலாக அவரை உட்கார வைத்திருக்கிறாள், மாமா. அவரும் ஒழுங்காகக் காவல் காக்கிறார்.

அவள் அவரிடம் மரக்கிடங்குக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். லைன் காலியாக இருந்தபோதும் பிஸி என்று சொல்லியிருக்கிறாளாம். அவர் தும்மினால் அன்றைக்கு முழுதும் வேலை ஓடாதாம். இதெல்லாம் அப்பாவுக்கு இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை. ஒருநாள் வெளியே வந்து, "அவனைப் பத்தி எவ்வளவு ஆசையா பேசறா தெரியுமா? எனக்கே அவன் மேல பொறாமையா இருக்கு" என்றார். நீங்கள்தான் அவர் என்று சொல்லிப் பாருங்களேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். எவ்வளவு ஆசையோடு காத்திருக்கிறாள், அவளிடம் போய் இந்தக் கிழவன்தான் அவன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்றார்.

ஆனால் அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் சம்மதித்த செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லையோ என்கிறாள். நீங்கள்தான் சொந்தக்காரர், நீங்கள் போய் அவரிடம் சொல்லுங்கள் என்று அப்பாவைக் கெஞ்சுகிறாள். சொல்கிறேன்மா என்கிறார். மறுநாள் சொன்னீர்களா என்று கேட்கிறாள். சொன்னேன்மா, சந்தோஷப்பட்டான் என்கிறார். அப்படியானால் ஏன் வரவில்லை என்கிறாள். அண்ணன் மனசு மாறிவிட்டாரோ என்று அழும்போது, உங்கள் கடிதத்தை எடுத்து அவரே படித்துக் காட்டுகிறார். மடிப்பு கிழிய ஆரம்பித்துவிட்டது. என் மகள் பின்னால் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளும் இப்போதெல்லாம் எங்களுக்குப் புத்தி சொல்வதில்லை, அம்மா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறாள்.

போன வாரம் கதவுக்கு வெளியே இருந்து அப்பா கூப்பிட்டபோது, முதல் தடவையாக, யாரது என்று கேட்டாள். டாக்டர் சொன்னது தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளே போனதும், வாங்க பெரியவரே என்றாள். அது மட்டும் மிச்சம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அது வராவிட்டால் அப்பா இன்னும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார். கடிதத்தை அவர் எனக்கும் படித்துக் காட்டினார். நாளாகிவிட்டது என்ற இடத்தில் நிறுத்தி, உன் மாமா கெட்டவர் இல்லை என்றார். உங்களைப் பற்றி அவர் வாயால் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்களால் பிரயாணம் செய்ய முடியும் என்று டாக்டர் சொன்னால், ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். உங்களை அவளுக்கு அடையாளம் தெரியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் அண்ணன் கறுத்த முடிக்காரர், உரத்த குரல்காரர். நீங்கள் பேச வேண்டியதில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறது, நேற்று போட்டுப் பார்த்தேன். அவள் அந்தப் பையன் வருவான் என்றும், அண்ணன் ஊரிலிருந்து திரும்புவார் என்றும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் அவளோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருங்கள், மாமா. அவள் தனியாகக் காத்திருக்க வேண்டாம்.

வாசலைத் திறந்தே வைத்திருக்கும்,
உங்கள் மருமகள்